தீ டிரம்மில் கப்பி மீன்கள்

மீன்தொட்டி சர்வீசுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேலைக்குப் போகிற வீட்டில் யாரும் உங்களிடம் மீனைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். "நல்லாருக்குல்ல?" என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அதன்பிறகு தொட்டியிலிருந்து நீங்கள் இறக்குகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "இம்புட்டுத் தண்ணியவுமா கீள ஊத்தப் போறீக?" என்பார்கள். விருதுநகரோ சிவகாசியோ, மாடி வீடோ ஓட்டு வீடோ, எங்கே போனாலும் இதே கேள்விதான். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்துக் கிடக்கிற சீமை இது. இங்கே தண்ணீரைச் சாக்கடையில் விடுகிறவனை எந்தக் கண்ணால் பார்ப்பார்கள் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதில்லை.

நான் இந்தத் தொழிலில் முழங்கால் தேய்ந்து ஒதுங்கியவன். 'மீன் பாய்' என்றால் பழைய வாடிக்கையாளர்களுக்குத் தெரியும். பில்டரை எப்படிக் கழற்றுவது, ஸ்பாஞ்சை எப்படிப் பிழிவது என்பதையெல்லாம் நீங்கள் செல்போனில் பார்த்தே கற்றுக்கொண்டு வந்துவிட்டீர்கள். அதை நான் சொல்லப் போவதில்லை. செல்போனில் இல்லாத விஷயம், இறக்கின தண்ணீரை என்ன செய்வது என்பது. அந்த விஷயத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கே பூட்டு விழப் பார்த்தது. அங்கே நானும் ஒரு டீ வடிகட்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

திருத்தங்கலில் எனக்கு ஒரு அண்ணாச்சி வாடிக்கை. வெம்பக்கோட்டைப் பக்கம் சொந்தமாகப் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தார். வீட்டு ஹாலில் ஆளுயரத்துக்குத் தொட்டி. விலை உயர்ந்த மீன் எதுவும் நிலைக்கவில்லை; ஒவ்வொன்றாகக் கவிழ்ந்த பிறகு கப்பி மீன்தான் நிலைத்தது. கப்பி தெரியும்தானே? சுண்டுவிரலில் பாதி இருக்கும், வால் மட்டும் பட்டுப் பாவாடை மாதிரி விரியும். முட்டை போடாது, குட்டியாகவே போடும். போட்டுக்கொண்டே இருக்கும்.

அண்ணாச்சி நல்ல மனிதர். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் வீணாவதைப் பார்த்தால் அவருக்கு உடம்பே பதறும். ஏசியில் சொட்டுகிற தண்ணீருக்குக் கீழே ஒரு வாளி. குடிதண்ணீர் மெஷின் கழித்துவிடுகிற தண்ணீருக்கு ஒரு டிரம். அரிசி கழுவின தண்ணீர் தனி, கறி கழுவின தண்ணீர் தனி. அவர் வீட்டில் நடக்கும்போது எந்த வாளியில் கால் இடிக்கும் என்று சொல்ல முடியாது.

அப்படிப்பட்டவரிடம் போய், "மீன் தண்ணி செடிக்கு உரம் மாதிரி அண்ணாச்சி, ஊத்திப் பாருங்க" என்று நான் சொன்னேன். பொய்யில்லை. மீன் கழிவு கலந்த தண்ணீர் செடிக்கு உண்மையிலேயே நல்லது. கொல்லையில் இருந்த கறிவேப்பிலை சும்மா கொழித்துக்கொண்டு வந்தது. அவர் வீட்டம்மா தெருவுக்கே கறிவேப்பிலை ஒடித்துக் கொடுத்தார். அண்ணாச்சி என்னை மடியில் தூக்கி வைக்காத குறை.

பிறகு மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. தொட்டியில் கல் உப்புப் போட்டேன். போட்டுவிட்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டு, நேருக்கு நேர் நிறுத்தி, "இப்ப இது உப்புத் தண்ணி. இத மட்டும் செடிக்கு ஊத்திராதீக" என்று சொன்னேன். தலையை ஆட்டினார். நன்றாக, இரண்டு பக்கமும் ஆட்டினார். அடுத்த தடவை போனால் கறிவேப்பிலை மரம் மொட்டைக் குச்சியாக நிற்கிறது.

"என்ன அண்ணாச்சி இது?"

"உப்புத்தான பாய்? கொளம்புல போடுறதுதான? அதுல என்ன வந்துரப் போகுதுன்னு நெனச்சேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் குச்சியைப் பிடுங்கி அடித்திருப்பேன், அவர் வாடிக்கையாளராக இல்லாமலிருந்தால். உள்ளேயிருந்து வீட்டம்மா குரல் கொடுத்தார்: "பாய், சொல்லிட்டேன். இனிமே அந்த மீன் தண்ணி எஞ்செடிப் பக்கம் வந்துச்சுன்னா, தொட்டியோட சேத்துக் கொளம்பு வச்சுருவேன்."

வாடிக்கையாளர் தலையாட்டினால் கேட்டுக்கொண்டார் என்று நம்பிவிடாதீர்கள், பிள்ளைகளா. அவர் தலையாட்டும்போது அவர் மனசு வேறு வாளியில் இருக்கும்.

செடிக்கு ஊற்றக்கூடாது என்றான பிறகு கொஞ்ச நாள் தெருவில் விட்டார். எதிர்வீட்டுக்காரர் வாசல் சேறாகிறது என்று சண்டைக்கு வந்தார். பங்குனி வெயில் வேறு தொடங்கிவிட்டது. கம்பெனியில் போர்வெல் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. பட்டாசுக் கம்பெனியில் ஒவ்வொரு ரூமுக்கு வெளியேயும் ஒரு டிரம்மில் தண்ணீரும், பக்கத்தில் வாளியும் மணலும் இருக்கவேண்டும். ஆபத்து என்றால் அள்ளி ஊற்ற. வேறு எதற்கும் அதைத் தொடக்கூடாது. அண்ணாச்சியின் கம்பெனியில் அந்த டிரம்களில் பாதி காய்ந்து கிடந்தன.

ஒரு நாள் நான் குழாயைப் போட்டுத் தொட்டித் தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி சோபாவிலிருந்து துள்ளி எழுந்தார்.

"பாய்! அங்கன டிரம்மு காஞ்சு கெடக்கு, இங்கன தண்ணி சும்மா போகுது! குட்டியானை தெனமும் இந்த வாசலத் தாண்டித்தான கம்பெனிக்குப் போகுது? கேன்ல புடிச்சு ஏத்தி விட்டுருவோம். உப்பு இல்லேல்ல?"

குட்டியானை என்றால் அவருடைய சின்ன லோடு வண்டி. உப்பு தொட்டியைவிட்டுப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. நான் யோசித்துப் பார்த்தேன். டிரம் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது. தண்ணீர் கொஞ்சம் வாடை அடிக்கும், அடித்தால் என்ன? மீன் மூத்திரம் என்று நெருப்பு முகம் சுளிக்கப் போகிறதா? "அருமையான யோசனை அண்ணாச்சி" என்றேன்.

ஒன்றே ஒன்றுதான். கப்பிக் குட்டிகள் பில்டர் அறைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். நாம் இறக்குகிற தண்ணீரில் பாதி அந்த அறையிலிருந்துதான் வரும். அதனால் நான் எப்போதும் குழாய் முனையில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டித்தான் இறக்குவேன். அண்ணாச்சிக்கோ வண்டி புறப்படுகிற அவசரம். துணி கட்டினால் தண்ணீர் மெதுவாகத்தான் வரும். "இது என்ன டீயா பாய், வடிகட்டி ஊத்த?" என்று அவரே அதை உருவி எறிந்தார். நான் இல்லாத நாட்களில் அவரே குழாய் போட்டு இறக்கினார். அப்போது அந்தத் துணி எங்கே இருந்தது என்று அல்லாவுக்குத்தான் தெரியும்.

கோடை ஏற ஏற அண்ணாச்சியிடமிருந்து நல்ல செய்தியாக வந்தது. டிரம் எல்லாம் நிறைந்துவிட்டது. டிரம் தண்ணீரில் நெளிகிற கொசுப்புழு ஒன்றுகூட இல்லை. கம்பெனி ஆட்கள் எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். போர்மேன், அதாவது அங்கே வேலையை மேற்பார்க்கிறவர், எனக்கே போன் போட்டு மீன் தீனி இரண்டு பாக்கெட் கொடுத்துவிடச் சொன்னார். பிள்ளைகளா, அந்த இடத்தில் எனக்கு மண்டையில் மணி அடித்திருக்க வேண்டும். தீ டிரம்முக்கு மீன் தீனி எதற்கு? எனக்கோ பாராட்டுக் கேட்டுக் கேட்டுத் தலை கால் புரியவில்லை. பாக்கெட்டை வண்டியில் கொடுத்துவிட்டேன்.

தீபாவளி ஆர்டர் சூடு பிடித்த நேரம், அண்ணாச்சி போன் செய்தார். அதிகாரி ஒருவர் கம்பெனியைப் பார்வையிட வருகிறாராம். "டிரம்மெல்லாம் பாசி புடிச்சிருக்காம். நீங்க வந்து நம்ம வீட்டுத் தொட்டி மாதிரிப் பளிச்சுன்னு ஆக்கிக் குடுங்க பாய். மத்தியானத்துக்கு மேலதான் வாராரு" என்றார். பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். கேட்டில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே நுழைந்து முதல் ரூமுக்கு வெளியே இருந்த டிரம்மைப் பார்த்தேன்.

டிரம்முக்கு மேலே வலை. சும்மா போட்ட வலை இல்லை, சுற்றிலும் கட்டுக்கம்பி முறுக்கி இறுக்கிக் கட்டின வலை. உள்ளே கூழாங்கல், பாசி, உடைந்த ஒரு பூந்தொட்டி. அவற்றுக்கு நடுவே கொழுகொழுவென்று கப்பி மீன்கள் ஊர்வலம் போகின்றன. பக்கத்தில் தொங்குகிற தீ வாளியிலும் தண்ணீர், அதில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் குட்டிகள்.

"வாங்க பாய், இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?" என்று சிரித்துக்கொண்டே வந்தார் மாரியக்கா. சரவெடி பின்னுகிறவர். கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். "எம்பயலப் பாத்தீகளா? அந்தா, செவப்பு வாலு. மத்தாப்புன்னு பேரு வச்சிருக்கேன். நான் வந்து நின்னாத்தான் மேல வருவான், வேற ஆளுன்னா வரமாட்டான்."

"வலை எதுக்கு அக்கா?"

"காக்கா கொத்திட்டுப் போகுதுல்ல? போர்மேன் அண்ணன்தான் கட்டுனாரு. அவரோட கருப்பன் அடுத்த டிரம்முல இருக்கான்."

"வாளியில குட்டி எதுக்கு?"

"பெரிய மீனு குட்டியத் தின்னுருதுல்லா? தனியா எடுத்து வளக்கோம். உங்களுக்குத் தெரியாததா பாய்?"

எனக்குத் தெரியாததா! "அக்கா, தீப்பிடிச்சா இந்த வலைய யாரு அவுக்கிறது?" என்று கேட்டுவிட்டேன். மாரியக்கா சட்டென்று என் வாயைப் பொத்தவே வந்துவிட்டார். அந்தக் கம்பெனி வாசலைத் தாண்டினால் அந்த வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

"வாயக் களுவுங்க பாய்! சீசன் நல்லபடியா ஓடணும்னு சாமியக் கும்புட்டுக்கிட்டு இருக்கோம். இது ஓடுனாத்தான் எம்மக காலேஜுல காலு வைப்பா. பூட்டு விழுந்துச்சுன்னா நாங்க எல்லாம் எங்க போக?"

அவர் சொன்னது அவருக்கு மட்டும் இல்லை. அந்த ஊரில் அடுப்பு எரிகிற வீடெல்லாம் அந்தக் கம்பெனியை நம்பித்தான். வருகிற அதிகாரி இந்த வலையைப் பார்த்தால் கேட்டில் பூட்டுப் போட்டுவிட்டுப் போவார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கட்டுக்கம்பியை அவிழ்க்கக் கை வைத்தேன். கேட்டில் ஜீப் ஹாரன் கேட்டது. மத்தியானத்துக்கு மேல் வருகிறவர் காலையிலேயே வந்துவிட்டார்.

அதிகாரி ஒல்லியான ஆள். குரலே உயர்த்தாதவர். அந்த மாதிரி ஆட்களிடம்தான் பயப்படவேண்டும். அண்ணாச்சி வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடி வந்தார். அதிகாரி நேராக அந்த டிரம்முக்கு முன்னால் வந்து நின்றார்.

"என்ன இது?"

"கொசுவலை சார்" என்றார் அண்ணாச்சி.

"டிரம்முக்கா?"

"டெங்கு வந்துரக் கூடாதுல்ல சார்."

அதிகாரி குனிந்து பார்த்தார். மத்தாப்பு மேலே வந்து அவரைப் பார்த்தது. வேற ஆள் என்றால் வராது என்று சொன்ன அதே மத்தாப்புதான். அதிகாரி நிமிர்ந்து, "இந்த ஏற்பாடு யாருது?" என்று கேட்டார். போர்மேன், மாரியக்கா, அண்ணாச்சி, வெளியே நின்ற பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். இத்தனை ஒற்றுமையை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

அண்ணாச்சி எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, "கொசு ஒழிப்புத் திட்டம்னு சொல்லுங்க பாய்" என்று காதில் ஓதினார். சொல்லியிருக்கலாம். நான்கு வார்த்தை இங்கிலீஷில் கலந்து அடித்திருந்தால் அவர் யோசித்திருப்பார். ஆனால் அந்தக் கட்டுக்கம்பி என் கண்ணைக் குத்திக்கொண்டே இருந்தது. நான் பொய் சொல்லி அவரும் நம்பிவிட்டால் வலை அப்படியே இருக்குமே.

"சார், இது அண்ணாச்சி வீட்டு மீன்தொட்டிக் கழிவுத் தண்ணி. வீணாக்க வேண்டாம்னு இங்க அனுப்புனோம். குட்டி அதுல தப்பி வந்திருச்சு. இவங்க பாசமா வளத்துட்டாங்க. கொசு போச்சுங்கிறது உண்மை. ஆனா வலையும் வாளியில மீனும் இங்க இருக்கக் கூடாது. இப்பவே எடுத்துருதோம்."

அண்ணாச்சி என் முதுகில் கிள்ளினார். அதிகாரி கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். "எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஒத்திகை பாத்துருவோம்" என்றார். எல்லாரையும் ரூம்களைவிட்டு வெளியே வரச்சொன்னார். வேப்பமரத்தடியில் பெருக்கிக் குவித்திருந்த சருகைக் காட்டி, "அங்க தீப்பிடிச்சிருச்சு. ஓடுங்க" என்றார்.

மாரியக்காதான் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றவர். பாய்ந்து போய் வாளியை எடுத்தார். எடுத்ததும் உள்ளே குட்டிகள் நெளிவதைப் பார்த்து, தொட்டில் பிள்ளையை இறக்குகிற மாதிரி மெதுவாகக் கீழே வைத்தார். வலையை இழுத்தார், வரவில்லை. போர்மேன் கட்டுக்கம்பியைப் பல்லால் கடித்தார். கம்பி வந்தது, கூடவே பல்லில் ஒரு துண்டும் வந்தது. வலையைத் தூக்கியதும் மாரியக்கா கையை உள்ளே விட்டு, "மத்தாப்பு, ஏலே மத்தாப்பு, ஒதுங்குலே" என்று துழாவினார். அடுத்த டிரம்மில் போர்மேன், "எங்கருப்பன் எங்க? எங்கருப்பனக் காணோம்!" என்று அலறினார். கடைசியில் யாரோ ஒரு பெண் குடிக்கிற செம்பில் மொண்டு சருகின்மேல் ஊற்றினார். ஊற்றும்போதும் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டுதான் ஊற்றினார்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதிகாரி கைக்கடிகாரத்திலிருந்து தலையைத் தூக்கி, ரூமைக் கையால் காட்டினார். "இந்நேரம் அந்த ரூம் இருக்காதும்மா" என்றார், அதே மெதுவான குரலில்.

நம் ஜில்லாவில் அந்த வாக்கியத்துக்கு யாரும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. மாரியக்கா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வந்த சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை.

"நான் மத்த ரூம், குடோன் எல்லாம் பாத்துட்டு வாரேன். வந்து இன்னொரு தடவ சொல்வேன். அப்பவும் இப்படித்தான்னா பூட்டிட்டுப் போயிருவேன். சீசனாவது, ஒண்ணாவது" என்று சொல்லிவிட்டு அதிகாரி நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். மீனை எல்லாம் கிணற்றில் விடலாம் என்றார் ஒருவர். கிணறு எங்கே இருக்கிறது? வெம்பக்கோட்டை அணையில் விடலாம் என்றார் இன்னொருவர். அண்ணாச்சி ஒவ்வொரு டிரம்மாக எட்டிப் பார்த்து, "எல்லாம் எங்க வீட்டு மீனுய்யா! எம்புட்டுப் பெருகியிருக்கு பாருங்க!" என்று கணக்கெடுக்க ஆரம்பித்துவிட்டார். நான் பொறுமையான ஆள் இல்லை. சாப்பாட்டுக் கொட்டகையில் தொங்கிய டீ வடிகட்டி ஒன்றை எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினேன், வாயிலும் வந்துவிட்டது.

"அண்ணாச்சி, வாய மூடிக்கிட்டு இந்த வடிகட்டியப் புடிங்க."

அவரிடம் யாரும் அப்படிப் பேசி அவர் கேட்டிருக்கமாட்டார். திகைத்துப்போய்ப் பிடித்துக்கொண்டார். இந்தத் தொழிலில் முதலாளியிடம் எப்போது மரியாதையாகப் பேசுவது, எப்போது வடிகட்டியைக் கையில் கொடுப்பது என்று உங்களுக்குத் தெரியவேண்டும். தப்பான நேரத்தில் கொடுத்தால் வாடிக்கை போய்விடும். சரியான நேரத்தில் கொடுக்காவிட்டால் அதைவிடப் பெரியதெல்லாம் போய்விடும்.

சாப்பாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கைகழுவுகிற சிமெண்டுத் தொட்டி ஒன்று காய்ந்து கிடந்தது. அதில் ஊற்றத் தண்ணீர்? அன்றைக்கு வந்த குட்டியானையில் அண்ணாச்சி வீட்டு மீன் தண்ணீர் கேன் கேனாக நின்றது. அந்த மீன்கள் பிறந்த அதே தண்ணீர். லாரித் தண்ணீரை ஊற்றியிருந்தால் மருந்து வாடையில் பாதி கவிழ்ந்திருக்கும். இந்தத் தண்ணீரில் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகாது. அத்தனை கேனையும் தொட்டியில் கவிழ்க்கச் சொன்னேன்.

பிறகு நடந்ததை நான் என்னவென்று சொல்ல! கொட்டகையிலிருந்த டீ வடிகட்டி எல்லாம் வந்தது. வடிகட்டி கிடைக்காதவர்கள் துண்டை விரித்தார்கள். இரண்டு பெண்கள் ஒரு சேலை முந்தானையை இரண்டு பக்கமும் பிடித்து, கண்மாயில் வலை இழுக்கிற மாதிரி டிரம்முக்குள் இழுத்தார்கள். "ஏய், அது எங்க ரூம் மீனு, உங்க கணக்குல சேக்காத!" என்று ஒரு சண்டை. "எல்லாம் ஒரே தொட்டிக்குத்தான் போகுது, அங்கன போயிப் பிரிச்சுக்கோங்க" என்று நான் கத்தினேன். போர்மேன் கருப்பனைப் பிடித்துவிட்டு, டிரம்மை மறந்து அதோடு பேசிக்கொண்டு நின்றார். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரம்முக்குள் இடுப்புவரை குனிந்திருந்தார். அவருடைய கால் இரண்டும் தரையில் படவில்லை.

கூழாங்கல்லை அள்ளினோம், பூந்தொட்டியை எடுத்தோம், வலையைச் சுருட்டி வண்டியில் எறிந்தோம். வாளிகளைக் காலி செய்து கவிழ்த்து மாட்டினோம். மாரியக்காவின் டிரம்மில் எல்லாம் பிடித்தாயிற்று, ஒன்று தவிர.

"மத்தாப்பக் காணோம் பாய்."

"குட்டியோட குட்டியாப் போயிருப்பான்."

"இல்ல. நான் ஒவ்வொண்ணாப் பாத்துல்லா விட்டேன். உள்ளதான் இருக்கான். கலங்கிப்போச்சு, தெரியல."

நானும் வடிகட்டியை அடிவரை விட்டுத் துழாவினேன். சிவப்பாக எதுவும் சிக்கவில்லை. குடோன் பக்கமிருந்து அதிகாரியின் பேச்சுக் குரல் நெருங்கியது. மாரியக்கா இன்னொரு தடவை கையை விட்டார். "விடுங்க அக்கா, வந்துட்டாரு" என்றேன். அவர் கையை வெளியே எடுத்து, சேலையில் துடைத்துக்கொண்டார். டிரம்மை ஒரு தடவை பார்த்தார். வாளியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி வந்தார். டிரம்மைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். இந்தத் தடவை சருகுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "தீ!" என்றார்.

அவர் வாயை மூடுவதற்குள் முதல் வாளி தண்ணீர் சருகின்மேல் விழுந்துவிட்டது. மாரியக்கா டிரம்முக்குள் பார்க்கவே இல்லை. கண்ணை எதிரே வைத்துக்கொண்டு மொண்டார், வீசினார், மொண்டார், வீசினார். பின்னால் இருந்த பெண்கள் மணலை அள்ளிக் கொட்டினார்கள். போர்மேன் அடுத்த டிரம்மிலிருந்து ஊற்றினார். சருகு நனைந்து, மரம் நனைந்து, அதிகாரியின் பேண்ட் முழங்கால்வரை நனைந்தது. அவர் நகர்ந்து நிற்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மாரியக்கா வீசிய இன்னொரு வாளியில் தண்ணீரோடு சேர்ந்து சிவப்பாக ஏதோ போனது. அது அதிகாரியின் ஷூவுக்குப் பக்கத்தில் ஈரமண்ணில் விழுந்து துடித்தது.

நான் பார்த்தேன். மாரியக்காவும் பார்த்தார். பார்த்துவிட்டு, வாளியை மறுபடியும் டிரம்மில் விட்டு மொண்டு வீசினார். அவருடைய வாய் மட்டும் கோணிக்கொண்டு போனது. "போதும்" என்று அதிகாரி சொல்கிறவரை அவர் நிறுத்தவில்லை.

"இப்ப ரூம் இருக்கு" என்றார் அதிகாரி.

"அப்ப... பாஸா சார்?" என்றார் அண்ணாச்சி. அவர் தலையில் பாசி ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாஸ்தான். ஆனா இனிமே..."

அவர் முடிப்பதற்குள் மாரியக்கா வாளியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் காலடியில் விழுந்தார். அதிகாரி பதறிப்போய் ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். "ஏம்மா, எந்திரிங்கம்மா! கால்ல விழுறதெல்லாம் கூடாது!" என்றார். அவர் அடுத்த காலை எங்கே வைக்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது, மாரியக்காவுக்கும் தெரிந்தது. ஒரு கையால் அவருடைய கணுக்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மண்ணோடு சேர்த்து எதையோ அள்ளி மூடிக்கொண்டார். எழுந்தபோது அவருடைய கண்ணில் தண்ணீர் நின்றது.

"நான் என் வேலையத்தாம்மா செஞ்சேன்" என்றார் அதிகாரி. அவர் குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் ஏறி இறங்கியது. "இந்த மாதிரி ஆளுங்கள நல்லா வச்சுக்கங்க" என்று அண்ணாச்சியிடம் சொன்னார். அண்ணாச்சி வேகவேகமாகத் தலையாட்டினார். அந்த ஒரு தலையாட்டலை மட்டும் நான் நம்பினேன். அதிகாரி ஈரப் பேண்ட்டோடு ஜீப்பில் ஏறிப் போனார்.

ஜீப் கேட்டைத் தாண்டும்வரை மாரியக்கா மூடின கையோடு அசையாமல் நின்றார். தாண்டியதும் ஓடினார் பாருங்கள், சிமெண்டுத் தொட்டிக்கு! நாங்கள் எல்லாரும் பின்னாலேயே ஓடினோம். தண்ணீருக்குள் கையை விட்டு மெதுவாகத் திறந்தார். மண் கரைந்து போனது. மத்தாப்பு ஒருக்களித்து மிதந்தது. போர்மேன் கருப்பனை மறந்துவிட்டு, "அசையுதா? அசையுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

வால் ஒரு தடவை விரிந்தது. மறுபடியும் சுருங்கியது. பிறகு ஒரு உதறு உதறி நிமிர்ந்து, கூட்டத்துக்குள் போய்ச் சேர்ந்துகொண்டது. பெண்கள் கைதட்டினார்கள். மாரியக்கா தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். அழுது முடித்து மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"பாய், இனிமே தண்ணிய நல்லா வடிகட்டி அனுப்புங்க! பாசம் வச்சுட்டா ஊத்தக் கை வரமாட்டேங்குது!"

அதனால்தான் பிள்ளைகளா, கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். போகிற இடத்தில் அதற்கு என்ன வேலை என்று கேளுங்கள். குழாய் முனையில் துணியைக் கட்டுங்கள். இது என்ன டீயா என்று கேட்கிறவர் எவ்வளவு பெரிய முதலாளியாக இருந்தாலும், அதை அவிழ்க்க விடாதீர்கள்.